புகார் யாரிடம் போகிறது?

போன ஞாயிறு செம்பூர் சேடா நகர் முருகன் கோவிலிலிருந்து திரும்பும்போது என் பையன் கேட்டான்: "வேற நாட்டுல சித்திரவதை நடந்தா இங்க இருக்கிற கவர்மெண்ட்டுக்கு எப்படிப்பா தெரியும்?" ஸ்கூல் ப்ராஜெக்டாம். பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் நம்மூர்க் கதை ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

கம்பெனி ஆட்சியில் சென்னை மாகாணத்தில் நிலவரி பாக்கி வைத்த குடியானவனின் விரல்களைக் கிட்டியில் வைத்து நெரிப்பார்கள். குனிய வைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவார்கள். செய்தவர்கள் தாசில்தாருக்குக் கீழே வேலை பார்த்த நம் ஆட்களேதான். கம்பெனியின் பழைய கோப்புகளிலேயே இதுபற்றிய கடிதங்கள் இருந்தன. ஆனால் 1854 ஜூலையில் லண்டன் பாராளுமன்றத்தில் பேச்சு எழுந்த பிறகுதான் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் கொண்ட விசாரணைக் குழு அமைந்தது.

புகார் சொல்லலாம் என்று அறிவித்ததும் நேரில் 519, தபாலில் 1,440, ஆக 1,959 புகார்கள் வந்தன. சித்திரவதை உண்மைதான் என்று 1855-இல் அறிக்கை ஒப்புக்கொண்டது. வெள்ளைக்கார அதிகாரிகள் மேல் மட்டும் பழி இல்லையாம்! 1857-இல் கார்ல் மார்க்ஸ் இந்த அறிக்கையை வைத்தே ஒரு நியூயார்க் பத்திரிகையில் எழுதினார்.

இத்தனை பேர் அதுவரை ஏன் வாய் திறக்கவில்லை? கலெக்டரிடம் மனு கொடுத்தால் அது விசாரணைக்குத் தாசில்தாரிடமே திரும்பி வரும். வரி வசூலும் போலீசும் அவர் கையில்.

இந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. கடன் வசூல் பிரிவில் இருந்தபோது, ஏஜெண்டுகள் வீட்டுக்கு வந்து மிரட்டியதாக ஒருவர் மேலிடத்துக்கு எழுதிய கடிதம், 'தங்கள் கருத்துக்கு' என்று என் மேசைக்கே வந்தது. ஏஜெண்டை அனுப்பியவனே நான். 'உண்மையில்லை' என்று நாலு வரி எழுதி மூடினேன். அந்த மாத ரிட்டர்னில், நிலுவையிலுள்ள புகார்கள்: இல்லை.

1859-இல் சென்னையில் போலீசைத் தனித் துறையாகப் பிரித்தார்கள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1872 சாட்சியச் சட்டம் சொன்னது. ஆனால் ஐ.நா.வின் சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்னும் உறுதிசெய்யவில்லை. உறுதிசெய்த நாடுகள் அதற்கான ஐ.நா. குழுவிடம் அவ்வப்போது கணக்கு ஒப்பிக்க வேண்டும். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பையனிடம் சொன்னேன்: "தெரியறது கஷ்டமில்லடா. செஞ்சவன்கிட்டயே விசாரிக்கச் சொல்லாம இருக்கணும். அதுதான் கஷ்டம்."

ப்ராஜெக்டில் அப்படியே எழுதிக்கொண்டான். அந்தக் கடிதத்தைப் பற்றி இன்னும் அவனிடம் சொல்லவில்லை.