நீர் விளையாட்டு

நீரை அள்ளியும் ஊற்றியும் பொருட்களை மிதக்கவிட்டும் சிறு பிள்ளைகள் ஆடும் ஆட்டங்களுக்குப் பொதுப்பெயர் நீர் விளையாட்டு. கிழக்கே வங்கக் கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியும் அமைந்த களுதாவளையில் இதற்கெனக் கடையில் எதுவும் வாங்க வேண்டியதில்லை. கிணற்றடியில் ஒரு பேசின், இரண்டு சிரட்டை, ஒரு வெற்றுப் போத்தல் போதும். மூன்று வயதுப் பிள்ளை நெடுநேரம் அதிலேயே ஆழ்ந்திருக்கும்.

அந்த நேரம் வீண்போவதில்லை. போத்தலின் ஒடுங்கிய வாய்க்குள் சிந்தாமல் ஊற்றக் கண்ணும் கையும் இணங்க வேண்டும். மணிக்கட்டும் விரல்களும் பெறும் அந்தப் பழக்கம் பின்னாளில் பென்சில் பிடிக்கவும் உதவும். எத்தனை சிரட்டை நீருக்குப் போத்தல் நிரம்புகிறது என்று எண்ணும்போது அளவை தொடங்குகிறது. வெறும் பேணி மிதக்கிறது, நீர் நிறைந்ததும் தாழ்கிறது. ஏன்? பிள்ளை மறுபடி செய்து பார்க்கிறது. நிரம்புதல், வழிதல், கசிதல், தெறித்தல் ஆகிய சொற்களும் கைவேலையோடு சேர்ந்தே மனதில் பதிகின்றன.

அகன்ற குவளையின் நீரை ஒடுங்கிய, உயரமான குவளைக்கு மாற்றினால் நீர் கூடிவிட்டதாகச் சிறு பிள்ளைகள் சொல்வதைச் சுவிஸ் உளவியலாளர் ஜான் பியாஜே விளக்கினார். பெரும்பாலும் ஏழு வயதளவில்தான் இந்த எண்ணம் மாறுகிறது. அதைத் திருத்த அவசரப்படுவதைவிட, மாற்றி மாற்றி ஊற்றிப் பார்க்க விடுவதே நல்லது.

1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, 1944இல் இலங்கையிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மொண்டிசோரியின் முறையில், ஒரு குடுவையிலிருந்து மற்றொன்றுக்கு நீர் ஊற்றுவது அன்றாடப் பயிற்சி. சிந்தியதைத் துடைப்பதும் அதில் அடக்கம். ஈரத்துக்காகப் பிள்ளையை ஏசும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

2004 ஆழிப்பேரலையைக் கண்ட கரையோரப் பெற்றோர் நீரை அஞ்சுவது இயல்பே. சில அங்குல நீரிலும் குழந்தை மூழ்கக்கூடும்; நீரில் மூழ்கி இறக்கும் அபாயம் 1 முதல் 4 வயதுவரை உள்ளவர்களுக்கே மிக அதிகம் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே பேசின் எவ்வளவு சிறியதானாலும், கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். கைபேசியைப் பார்த்துக்கொண்டு இருப்பது காவலாகாது. ஆட்டம் முடிந்ததும் நீரை மிளகாய்க் கன்றுகளுக்கு ஊற்றிவிட்டு, டெங்கு நுளம்பு முட்டையிடாதபடி பேசினைக் கவிழ்த்து வைக்க வேண்டும்.