நாற்பது நிமிடப் படிப்பு

பத்துப் பேர் சேர்ந்து ஒரே புத்தகத்தைப் படிப்பது என்று முடிவெடுத்தால் முதல் சண்டை எந்தப் புத்தகம் என்பதில் வரும். அது தீர்ந்த பிறகுதான் உண்மையான தலைவலி ஆரம்பம். ஒருவர் மூன்றே நாளில் முடித்துவிட்டு, முடிவையும் எல்லோருக்கும் சொல்லிவிடுவார். இன்னொருவர் மாதம் முழுக்க முன்னுரையிலேயே உட்கார்ந்திருப்பார். பத்துப் பேருக்கே இந்தக் கதி என்றால், முகமே பார்க்காத எட்டாயிரம் பேரை எப்படி ஒன்றாகப் படிக்க வைப்பது? 1878-ல் அமெரிக்காவில் ஒருவர் அதைத் தபாலை நம்பியே செய்து காட்டினார்.

அவர் பெயர் ஜான் ஹெய்ல் வின்சென்ட். மெதடிஸ்ட் பாதிரியார். கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்க அவருக்கு வாய்க்கவில்லை. அந்தக் குறை கடைசிவரை அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. 1874-ல் லூயிஸ் மில்லர் என்ற விவசாயக் கருவித் தயாரிப்பாளருடன் (பின்னாளில் எடிசனுக்கு மாமனார் ஆனவர்!) சேர்ந்து, நியூயார்க் மாநிலத்தில் ஷட்டாக்வா ஏரிக்கரையில் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்காக ஒரு கோடை முகாம் தொடங்கினார். முகாம் நன்றாகவே நடந்தது. ஆனால் கோடை முடிந்ததும் எல்லோரும் மூட்டை கட்டிவிடுவார்கள். மிச்ச மாதங்களுக்கு என்ன வழி?

1878 ஆகஸ்டில் வந்த விடைதான் ஷட்டாக்வா இலக்கிய, அறிவியல் வட்டம். தினமும் நாற்பது நிமிடம், நான்கு வருடம், குறிப்பிட்ட புத்தகங்கள். வீட்டிலிருந்தே படிக்கலாம். கடைசியில் ஒரு சான்றிதழ். சேருவதற்கு முன்படிப்பு எதுவும் தேவையில்லை. கல்லூரி என்பது வசதியுள்ளவர்களுக்கு மட்டும், அதிலும் பெரும்பாலும் ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த காலம் அது. சேர்ந்தவர்களில் பெண்களே அதிகம் என்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

முதல் வருடம் சுமார் 8,400 பேர் சேர்ந்தார்கள். அவர்களுக்கு வந்த கடிதங்களையும் கணக்குகளையும் கவனித்த செயலாளர் கேட் கிம்பலுக்கு அப்போது வயது பதினெட்டு! 1917-ல் இறக்கும்வரை இந்த வட்டமே அவருடைய வேலையாக இருந்தது. மேடையில் பேசியவர்களின் பெயர்கள்தான் அதிகம் பேசப்படுகின்றன. ஆனால் வட்டம் உடையாமல் நின்றதற்குக் காரணம் கிம்பலின் மேஜை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

திட்டத்தின் மூளை அதன் கால அட்டவணையில் இருந்தது. ஒவ்வொரு வருடமும் புது ஆட்கள் சேருவார்கள். அப்படியானால் ஒரே சமயத்தில் நான்கு வகுப்புகள், நான்கு புத்தகப் பட்டியல்கள், நான்கு மடங்கு குழப்பம். வட்டம் கண்ட வழி எளிமையானது. ஒரு வருடம் இங்கிலாந்து, அடுத்தது அமெரிக்கா, பிறகு ஐரோப்பா, பிறகு பழைய கிரேக்கமும் ரோமும் என்று சக்கரம் சுற்றும். எப்போது சேர்ந்தவரானாலும் அந்த வருடத்துப் பாடத்தில் ஏறிக்கொள்ளலாம். நான்கு வருடத்தில் சுற்று முழுதாகிவிடும். இதனால் நாடு முழுக்க எல்லோர் கையிலும் ஒரே புத்தகம். பக்கத்து ஊரில் இருப்பவரோடும் அதைப் பற்றிப் பேசலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் பதிப்பாளருக்கும் இது லாபம்தான்: ஒரே புத்தகம், மொத்தமாக விற்பனை.

1880-ல் 'தி ஷட்டாக்வன்' என்ற மாத இதழ் வந்தது. எந்த வாரம் எதைப் படிக்க வேண்டும் என்று அதில் அச்சிட்டிருக்கும். அகராதியோ நூலகமோ இல்லாத ஊர்களில் கடினமான பெயர்களுக்கும் வேற்றுமொழிச் சொற்களுக்கும் என்ன செய்வார்கள்? அதற்கும் இதழில் குறிப்புகள் உண்டு. அந்தக் குறிப்புகளை எழுதிய ஓர் இளம்பெண், தப்பாக ஏதாவது அச்சாகிவிடுமோ என்று பயந்துகொண்டே வேலை பார்த்தார். அவர்தான் ஐடா டார்பெல். ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் வண்டவாளத்தை 1902 முதல் தொடராக எழுதி நாட்டையே உலுக்கியவர். ஒவ்வொரு தகவலையும் சரிபார்க்கும் பழக்கம் எங்கே வந்தது என்பது புரிகிறதல்லவா?

எல்லாம் சரி, எத்தனை பேர் முடித்தார்கள்? 1882-ல் சான்றிதழ் பெற்றவர்கள் 1,718 பேர். அதாவது ஐந்தில் நான்கு பேர் பாதியில் விட்டுவிட்டார்கள். வியாபாரக் கண்ணால் பார்த்தால் இது தோல்விக் கணக்கு. ஆனால் இரண்டு வருடம் படித்துவிட்டு நின்றவர் படித்தது, படித்ததுதானே? அதை எந்தப் பேரேட்டில் எழுதுவது? 1900 வாக்கில் உள்ளூர் வட்டங்கள் சுமார் பத்தாயிரம் இருந்தன. அவற்றில் கால்வாசி, ஐந்நூறு பேர்கூட வசிக்காத ஊர்களில்.

முடித்தவர்களுக்கு ஒரு விழா உண்டு. ஏரிக்கரையில் 'தங்க வாசல்' என்று ஒரு வாசல். முழுப் படிப்பையும் முடித்தவர்கள் மட்டுமே அதன் வழியாக நடக்கலாம். சின்னப் பெண்கள் வழியெல்லாம் பூ தூவுவார்கள். அந்த வட்டம் இன்றும் இருக்கிறது. இன்றும் வருடா வருடம் புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கிறது. வாசலும் வருடத்தில் ஒரு நாள் திறக்கிறது.