பேட்டின் குரலில் பேசும் பெட்டி

வசந்த காலத்தில் ஒன்ராறியோவின் பண்ணைப் பக்கம் காரில் போனவர்கள், அறுவடை முடிந்த சோள வயல்களில் பெரிய கரும் பறவைகள் மேய்வதைக் கண்டிருப்பீர்கள். அவை காட்டு வான்கோழிகள். வேட்டையாலும் காடழிப்பாலும் 1900களின் தொடக்கத்தில் இந்த மாகாணத்தில் அற்றுப்போனவை. 1984 முதல் அமெரிக்க மாநிலங்களில் பிடித்து இங்கு கொண்டுவந்து விட்டார்கள். நம்மில் பலர் வந்து இறங்கிய அதே காலம்! 1987 இல் கட்டுப்பாடுகளோடு வேட்டையும் தொடங்கியது.

இந்த வேட்டைக்குப் புதிதாகப் போகிறவர் துவக்குக்கு முன்னால் குரலைப் பழக வேண்டும். வசந்தத்தில் சேவல் கத்தும், பேடு அதைத் தேடி நடந்து போகும். இதுதான் இயற்கை. வேட்டைக்காரரோ பேடு போலக் கூப்பிட்டுச் சேவலை வரவழைக்கப் பார்க்கிறார். புதியவர் ஆசையில் ஓயாமல் கூப்பிட்டால், பேடுதான் வருகிறதே என்று சேவல் வாலை விரித்தபடி நின்ற இடத்திலேயே நின்றுவிடும். இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டுப் பொறுமையாக இருக்கிறவருக்கே வாய்ப்பு அதிகம்.

அமெரிக்கப் பூர்வகுடிகள் வான்கோழியின் சிறகெலும்பையே குழலாக்கி, காற்றை உள்ளிழுத்து இந்த ஒலியை எழுப்பினார்கள். 1897 இல் ஆர்க்கன்சோ மாநிலத்து ஹென்றி கிப்சன் என்பவர் பெட்டிக் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மெல்லிய மரப்பெட்டி, அதன்மேல் ஒரு முனையில் திருகாணியால் பொருத்திய மூடி. மூடியின் அடியில் சோக் பூசி, பெட்டி விளிம்பில் உரசினால் பேடு கூப்பிடும். கையாளச் சுலபம் என்பதால் இன்றும் புதியவர்கள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறார்கள்.

கருவிகள் திருந்திய அதே காலத்தில் பறவை குறைந்துகொண்டே போனது. கூட்டில் வளர்த்த குஞ்சுகளைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள், சரிவரவில்லை. தாயிடம் பழகாத குஞ்சுக்கு எதற்குப் பயப்படுவது என்றே தெரியாது. 1951 இல் தென் கரோலினாவில் வெடிவிசையால் பாயும் வலை கொண்டு காட்டுப் பறவைகளையே பிடித்து இடம் மாற்றத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது.

குரலுக்குத் துணை பொம்மைப் பறவை. வேட்டையில் மற்ற விலங்கை ஈர்க்க வைக்கும் விலங்குக்குப் பழந்தமிழில் 'பார்வை' என்று பெயர். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிசை முன்னே பார்வை மான் கட்டி நிற்கிறது. அமெரிக்காவின் நெவாடாவிலும் லவ்லொக் குகையில் 1924 இல் கோரையால் செய்த வாத்துப் பொம்மைகள் கிடைத்தன. அவற்றுக்கு ஏறக்குறைய 2000 வயது.

ஆனால் நல்ல குரலும் நல்ல பொம்மையும் சேவலை மட்டும் ஏமாற்றுவதில்லை, இன்னொரு வேட்டைக்காரரையும் ஏமாற்றிவிடும். அதனால் சேவல் தலையின் நிறங்களான சிவப்பு, வெள்ளை, நீலம் உடுப்பில் எங்கும் தெரியக்கூடாது. தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து இருக்க வேண்டும். யாராவது நெருங்கினால் கையசைக்கக் கூடாது, வாய்விட்டுச் சத்தம் போட வேண்டும். வீடு திரும்பும்போதும் பொம்மையைச் செம்மஞ்சள் பைக்குள் போட்டு மூடித்தான் தூக்கிவர வேண்டும்.