கம்பியில்லா இணைப்பும் லினக்சும்: பழைய மடிக்கணினி ஒன்றின் வழியே சிறு வரலாறு



சென்ற பள்ளி விடுமுறையில் நூலக அலமாரியைத் துப்புரவு செய்தபொழுது பழைய மடிக்கணினி ஒன்று அகப்பட்டது. 2008ஆம் ஆண்டில் மாணவர் ஒருவரின் தந்தையார் பள்ளிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது அது. அப்பொழுது நான் ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டுப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தக் கணினியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எழுந்த நினைவுகளே இக்கட்டுரைக்கு வித்திட்டன.

கணினி வந்த நாளில் அதில் இருந்த விண்டோஸ், நச்சுநிரல் தாக்கி நகரவே மறுத்தது. புதிய உரிமம் வாங்கப் பணம் இல்லை. என் முன்னாள் மாணவன் ஒருவன் உபுண்டு லினக்ஸ் குறுவட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். அந்நாளில் உபுண்டு குறுவட்டுகளை உலகின் பல மூலைகளுக்கும் அஞ்சல்வழி இலவசமாகவே அனுப்பிவந்தார்கள்; 2011இல்தான் அவ்வழக்கம் நின்றது. ஒரு மணி நேரத்திற்குள் நிறுவல் முடிந்தது. திரை தெளிவாக இருந்தது; ஒலி கேட்டது; தமிழ் எழுத்துகள் கட்டங்கட்டமாகச் சிதையாமல் ஒழுங்காகத் தெரிந்தன. "முடிஞ்சிடுச்சு டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவன் விடைபெற்றான்.

முடியவில்லை. கம்பியில்லா இணைப்பு மட்டும் வரவில்லை.

வகுப்பில் வீட்டில் கணினியே இல்லாத பிள்ளைகள் பதினொருவர் இருந்தனர். பள்ளி முடிந்தபின் அரை மணி நேரமாவது அவர்கள் இணையத்தில் தமிழ்ப் பக்கங்களைப் படிக்க வேண்டும் என்பதே என் திட்டம். வடம் வழியான இணைப்போ தலைமையாசிரியர் அறையில் மட்டுமே இருந்தது. ஆகவே தேவையான கோப்பை அங்கே பதிவிறக்கி, விரலியில் ஏற்றிக்கொண்டு வகுப்பறைக்கு வந்தேன். நிறுவினால், "இதற்கு இன்னொரு பொதி வேண்டும்" என்றது கணினி. மீண்டும் ஓட்டம். அந்தப் பொதிக்கு மற்றொரு பொதி வேண்டுமாம்! மூன்றாம் முறை நான் கதவைத் தட்டியபோது தலைமையாசிரியர், "என்ன டீச்சர், இன்னமும் முடியலையா?" என்று சிரித்தார். இணையம் கிடைக்க இயக்கி வேண்டும். இயக்கி கிடைக்க இணையம் வேண்டும். லினக்சைப் புதிதாகத் தொட்ட எத்தனையோ பேர் அந்த ஆண்டுகளில் இந்தச் சுழலில் அகப்பட்டார்கள்.

ஏன் அப்படி? இதற்கு விடை தேட வேண்டுமானால் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பின்லாந்தின் எல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்சு, தாம் ஓர் இயங்குதளத்தை எழுதிவருவதாக 1991 ஆகத்து 25ஆம் நாள் அறிவித்தார். அப்பொழுது அவருக்கு அகவை 21. அன்றைய கணினிகளின் உறுப்புகள் பலவற்றுக்கு விளக்கக் குறிப்புகள் இருந்தன. வன்தட்டுடனும் விசைப்பலகையுடனும் எப்படிப் பேசுவது என்பதைக் குறிப்பைப் படித்து, வேண்டியவர் தாமே இயக்கி எழுதலாம். கம்பியில்லாச் சில்லுகளின் நிலை வேறு. 802.11 என்னும் தரம் 1997இல் வெளிவந்தது. 1999இல் வேகமான அதன் அடுத்த வடிவமும் 'வைஃபை' என்ற பெயரும் பிறந்தன. 2003 மார்ச்சில் இண்டெல் நிறுவனம் 'சென்றினோ' என்ற பெயரில் கம்பியில்லா வசதியுள்ள மடிக்கணினித் தொகுப்பை அறிமுகப்படுத்தியபின், வைஃபை இல்லாத மடிக்கணினி அரிதாகத் தொடங்கியது. ஆனால் அந்தச் சில்லுகளைப் பற்றிய குறிப்புகளை நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியிடவில்லை. விண்டோசுக்கான இயக்கி பெட்டியிலேயே வந்தது, லினக்சுக்கு ஒன்றுமில்லை.

நிறுவனங்கள் சொன்ன காரணம் முற்றிலும் சாக்கு என்று சொல்லிவிட முடியாது. வைஃபை ஒரு வானொலிக் கருவி. எந்த அலைவரிசையில், எவ்வளவு ஆற்றலுடன் ஒலிபரப்பலாம் என்பதை ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் வரையறுக்கிறது. 2.4 கிகாஎர்ட்சு அலைப்பகுதியில் அமெரிக்காவில் வழக்கமாக 11 தடங்கள், ஐரோப்பாவில் 13. இவற்றைச் சில்லுக்குள் கட்டுப்படுத்துவது மென்பொருளே. அதைத் திறந்துவிட்டால் எவரும் வரம்பை மீறலாம். பழி நிறுவனத்தின்மேல் விழும் என்று அஞ்சினார்கள். அதோடு போட்டியாளருக்குத் தொழில் கமுக்கம் தெரிந்துவிடுமோ என்ற அச்சமும் இருந்திருக்கும். எது பெரிய அச்சம் என்பதில் எனக்கொரு கருத்து உண்டு; வாசகர்கள் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வது நலம். இயக்கி என்பது இயங்குதளத்துக்கும் சில்லுக்கும் இடையே நின்று பேசும் மொழிபெயர்ப்பாளர். அது கணினியின் கருநிரலுக்குள் இயங்குகிறது. ஃபெர்ம்வேர் எனப்படும் நிலைபொருளோ சில்லுக்கு உள்ளேயே இயங்கும் நிரல். பல வைஃபை சில்லுகளுக்கு நிலையான நினைவகம் கிடையாது. ஒவ்வொரு முறை கணினியை முடுக்கும்போதும் நிலைபொருளைக் கணினிதான் ஊட்டவேண்டும். ஆகவே இயக்கியை எவராவது எழுதிவிட்டாலும், நிலைபொருள் இல்லாவிட்டால் சில்லு ஊமையாகவே கிடக்கும். 2008இல் எனக்கு இந்த வேறுபாடு தெரியாது. மடிக்கணினியின் பெயரைப் பார்த்து நிலைபொருளைத் தேடினேன். பெயர் ஒன்றாயினும் உள்ளே இருக்கும் சில்லு வேறாக இருக்கலாம் என்பதும், 'எல்எஸ்பிசிஐ' என்ற ஒரு சிறு கட்டளையைத் தட்டினால் கணினியே தன் சில்லின் பெயரைச் சொல்லிவிடும் என்பதும் இரண்டு நாள் வீணானபின்தான் விளங்கின. தவறு முழுக்க என்னுடையதே.

இயக்கி கிடைக்காதபோது என்ன செய்வது? முதலில் கண்ட வழி விந்தையானது. 'என்டிஸ்ராப்பர்' என்ற மென்பொருள், விண்டோசுக்காக எழுதப்பட்ட இயக்கியை அப்படியே எடுத்து லினக்சுக்குள் ஓட்டியது. விண்டோசில் வலையமைப்பு இயக்கிகள் 'என்டிஸ்' என்ற இடைமுகத்தின்வழிதான் பேசும். அந்த இடைமுகம் இருப்பதுபோல லினக்சில் ஒரு போலிச் சூழலை அமைத்துவிட்டால், விண்டோஸ் இயக்கி தான் வேற்றூரில் இருப்பதை அறியாமலே வேலை செய்யும். தொடக்கநிலைப் பயனர் செய்ய வேண்டியது, குறுவட்டிலிருந்து 'இன்ஃப்', 'சிஸ்' என்று முடியும் இரண்டு கோப்புகளை எடுத்துக் கொடுப்பதுதான். வேலை செய்தது, பலருக்கு. ஆனால் 64 பிட் லினக்சுக்கு 64 பிட் விண்டோஸ் இயக்கியே வேண்டும்; அது பல சில்லுகளுக்குக் கிடைக்கவில்லை. பழுது நேர்ந்தால் உள்ளே என்ன நடந்தது என்று எவராலும் பார்க்கவும் முடியாது.

இண்டெல் வேறு வழியில் போனது. 2004இல் தன் சில்லுகளுக்கான திறந்த மூல இயக்கித் திட்டங்களைத் தானே தொடங்கியது. அவை 2005 அக்டோபரில் வெளியான 2.6.14 கருநிரலில் சேர்ந்தன. நிலைபொருளின் மூலநிரலை அது திறக்கவில்லை. ஆயினும் அதைப் பிறர் பகிர்ந்துகொள்ள இசைவு தந்தது. அந்த இசைவின் பயன் பெரிது. இண்டெல் சில்லு உள்ள மடிக்கணினியில் லினக்சை நிறுவியவுடன் வைஃபை வந்துவிடும் என்ற நற்பெயர் அங்கிருந்துதான் தொடங்கியது.

பிராட்காம் சில்லுகளின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்நிறுவனம் அப்போது மடிக்கணினிச் சில்லுகளுக்குக் குறிப்பும் தரவில்லை. லினக்ஸ் இயக்கியும் தரவில்லை. இதற்கிடையே, லிங்சிஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற ரூட்டர் ஒன்றுக்குள் லினக்சே இயங்குவது 2003இல் தெரியவந்தது. உரிம விதிப்படி அதன் மூலநிரல் வெளியிடப்பட்டது; வைஃபை இயக்கி மட்டும் மூடிய வடிவிலேயே இருந்தது. மூடியதாயினும் அது லினக்சுக்கான இயக்கி. ஆர்வலர் குழு ஒன்று அதை இழை இழையாகப் பிரித்து ஆராய்ந்தது.

அவர்கள் பின்பற்றிய முறையை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். ஆராய்ந்தவர்கள் ஒரு வரி இயக்கிகூட எழுதவில்லை. சில்லு எப்படி நடந்துகொள்கிறது என்பதை வெறும் விளக்கமாக எழுதி வைத்தார்கள். வேறு சிலர், மூல இயக்கியைக் கண்ணாலும் பார்க்காமல், அந்த விளக்கத்தை மட்டும் படித்துப் புதிதாக இயக்கியை எழுதினார்கள். காப்புரிமையை மீறினார்கள் என்று எவரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இத்தனை எச்சரிக்கை. கட்டுரையை ஒரு மாணவன் படித்து அதன் கருத்தை மட்டும் சொல்ல, மூலக் கட்டுரையைப் பார்க்காத இன்னொரு மாணவன் தன் சொற்களில் எழுதுவதைப்போல. அவ்வாறு பிறந்த இயக்கி 2006 சூனில் 2.6.17 கருநிரலில் சேர்ந்தது.

அடுத்த ஆண்டு ஒரு சிறு பூசல் மூண்டது. ஓபன்பிஎஸ்டி என்பது மற்றொரு கட்டற்ற இயங்குதளம். 2007 ஏப்ரலில், லினக்ஸ் இயக்கியின் நிரல் பகுதிகள் உரிய இசைவின்றி ஓபன்பிஎஸ்டியின் பொதுக் களஞ்சியத்தில் இருப்பதை லினக்ஸ் இயக்கியை எழுதியவர்கள் கண்டார்கள். பலரும் படிக்கும் மடலில் அதைச் சொன்னார்கள். எடுத்தவர்கள், அது முடிவுறாத வேலை என்றும், தனி மடலில் சொல்லியிருந்தால் திருத்தியிருப்போமே, இப்படிப் பலர் முன் சொல்லலாமா என்றும் வருந்தினார்கள். இறுதியில் அந்த இயக்கியே நீக்கப்பட்டது. யார் பக்கம் நியாயம்? நிரலை இசைவின்றிப் போட்டது பிழைதான். ஆனால் பிள்ளையின் பிழையை வகுப்பு நடுவே சொல்வதா, தனியே அழைத்துச் சொல்வதா என்று நாள்தோறும் தடுமாறும் என்னைப் போன்றவர்களுக்கு, தீர்ப்புச் சொல்ல நா எழவில்லை.

அதன்பின் நிகழ்ந்தவை விரைவாகவே நிகழ்ந்தன. டிவைஸ்கேப் என்ற நிறுவனம் நன்கொடையாகத் திறந்துவிட்ட நிரலிலிருந்து வளர்ந்த பொதுவான வைஃபை அடுக்கு, 2007 சூலையில் கருநிரலில் சேர்ந்தது. அதுவரை ஒவ்வொரு இயக்கியும் ஒரே வேலையைத் தனித்தனியே செய்துகொண்டிருந்தது. பிராட்காம் சில்லுகளுக்கான 'பி43' இயக்கி, அந்த அடுக்கின்மேல் திருத்தி எழுதப்பட்டு 2008 சனவரியில் வந்தது. அதே ஆண்டு ஆதரோசு நிறுவனம் தன் புதிய சில்லுகளுக்கான திறந்த இயக்கியைத் தானே வெளியிட்டது. 2010 செப்டம்பரில் பிராட்காமும் தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த இயக்கியை அளித்தது. சிலர் ஊதியமின்றி ஐந்தாறு ஆண்டுகள் கதவைத் தட்டிக்கொண்டிருந்ததும் இதற்கு ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

எங்கள் மடிக்கணினியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேனே! மூன்றாம் நாள் மாலையில், சரியான நிலைபொருளை உரிய கோப்புறையில் வைத்துக் கணினியை மறுபடி முடுக்கியதும், மேல் மூலையில் இணைப்புக் குறி எரிந்தது. உடனிருந்த ஐந்தாம் ஆண்டு மாணவி, அடுத்த நிமிடமே என்னை நகரச் சொல்லிவிட்டு விசைப்பலகையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கணினி நான்கு ஆண்டுகள் உழைத்தது.

பழைய மடிக்கணினியில் லினக்சை நிறுவிப் பிள்ளைக்குக் கொடுக்க விரும்பும் பெற்றோர்களுக்கு ஒரு செய்தி. டெபியன் என்பது லினக்ஸ் வழங்கல்களில் மூத்தவற்றுள் ஒன்று. கொள்கைப் பிடிப்பும் மிக்கது. கட்டற்றது அல்லாத நிலைபொருளைத் தன் அதிகாரமுறை நிறுவல் வட்டில் சேர்க்காமலே நெடுங்காலம் இருந்தது. 2022இல் அதன் உறுப்பினர்கள் வாக்களித்துக் கொள்கையைத் தளர்த்தினார்கள். 2023 சூன் 10ஆம் நாள் வெளியான டெபியன் 12இன் நிறுவல் வட்டில் வைஃபை நிலைபொருள்கள் பலவும் உடன் வந்தன. பெரும்பாலான கணினிகளுக்கு விரலியைத் தூக்கிக்கொண்டு ஓடும் வேலை இனி இல்லை. ஆனால் 'பி43' இயக்கியைச் சார்ந்த பழைய சில்லுகளின் நிலைபொருளைப் பகிர்ந்துகொள்ள இசைவு இல்லாததால், அது அந்த வட்டில் இல்லை. இணையத்திலிருந்து இறக்கித்தான் நிறுவ வேண்டும். அத்தகைய கணினி உங்களிடம் இருந்தால், தொடங்குமுன் ரூட்டருக்கு அருகில் அமர்ந்து வடத்தைச் செருகிக்கொள்ளுங்கள். வடம் இல்லையென்றால் கேளுங்கள். அலமாரியில் அந்த மடிக்கணினியோடு ஐந்து மீட்டர் வடம் ஒன்றும் கிடைத்தது.