இல்லாத அப்பாவும் ஓர் ஆப்ஜெக்ட்

கிள்ளானில் ஒரு டியூஷன் வகுப்புக்குப் பதிவுப் பாரம் ஒன்றை நிரலாக எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவிக்கு மட்டும் அது ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றுபோனது. அவளுடைய அம்மா போனில் மெதுவாகச் சொன்னார்: "அப்பா பேரு இல்ல தம்பி. அந்த எடத்த சும்மா விட்டுட்டேன்."

சும்மா விட்ட இடம் என் நிரலில் 'நல்' ஆகியிருந்தது. "இங்கே எதுவும் இல்லை" என்பதைக் குறிக்க ஜாவாஸ்கிரிப்ட் வைத்திருக்கும் மதிப்பு அது. ஒரு மதிப்பு என்ன வகை என்று கேட்டால் சொல்வதற்கு அந்த மொழியில் டைப்ஆஃப் இருக்கிறது. 'நல்' என்ன வகை என்று கேளுங்கள், "ஆப்ஜெக்ட்" என்கிறது. அதை நம்பி, இல்லாத அப்பாவின் பெயரைக் கேட்கப் போய் என் நிரல் விழுந்தது.

இந்தத் தவறுக்கு ஏறக்குறைய என் வயது. 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 10 நாளில் இந்த மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். அந்தக் காலத்து எஞ்சின் ஒவ்வொரு மதிப்பையும் 32 பிட்டில் வைத்திருந்தது. கடைசிப் பிட்டுகள்தான் வகையின் அடையாளம்: 000 என்றால் ஆப்ஜெக்ட், 100 என்றால் எழுத்துச் சரம், 110 என்றால் பூலியன். 'நல்' என்பதோ எல்லாப் பிட்டும் பூஜ்யம். அதன் கடைசி மூன்றும் 000. டைப்ஆஃப் அந்த அடையாளத்தை மட்டும் பார்த்தது. 'நல்'லா என்று தனியாகச் சோதிக்கவில்லை.

1997இல் இம்மொழிக்கான முதல் தரநிலை வந்தபோது அதிலும் இதே பதில் இடம்பெற்றது. 2015இல் வெளியான ஆறாம் பதிப்புக்கு முன் திருத்திவிடலாம் என்று யோசித்தார்கள். பழைய பதிலை நம்பி எழுதிய தளங்கள் உடையும் என்பதால் கைவிட்டார்கள். தவறு சட்டமாகிவிட்டது.

ஆனால் பழி முழுவதையும் 1995 மேல் போட எனக்கு மனசு வரவில்லை. மலேசியத் தமிழர் ஐசியில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'அனாக் லெலாக்கி' அல்லது 'அனாக் பெரம்புவான்' என்பதன் சுருக்கம் இருக்கும். அதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். எல்லாப் பிள்ளைக்கும் அந்த இடத்தில் ஒரு பெயர் இருக்கும் என்று எண்ணித்தான் பாரத்தைப் போட்டேன். பிட்டைப் பார்த்து முடிவுசெய்த எஞ்சினுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசமில்லை.

திருத்தம் ஒரு வரிதான்: முதலில் 'நல்'லா என்று கேள், அப்புறம் வகையைக் கேள். அன்றிரவு பிரிக்பீல்ட்ஸ் அறையில் உட்கார்ந்து அதைச் சேர்த்தேன். மறுநாள் அந்தப் பெண்ணின் பெயர் பட்டியலில் ஏறியது. அப்பா பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலியாகவே இருந்தது.