இரங்கல் கூட்டத்தில் சொல்லாதது

சென்ற ஆண்டு இறந்துபோன ஒரு வீணைக்கார நண்பருக்காக எங்கள் ஊரில் இரங்கல் கூட்டம் நடந்தது. என்னையும் பேசச் சொன்னார்கள். ஏழெட்டு நிமிஷம் பேசியிருப்பேன். 'மனதில் பட்டதை மறைக்காமல் சொல்கிறவர்', 'சமரசம் அறியாதவர்', 'குழந்தை மனம்' என்றெல்லாம் சொன்னேன். ஊரில் எல்லோரோடும் சண்டை போட்ட ஒருவன் செத்துப்போனால் அவனைப் பற்றிச் சொல்வதற்கென்றே நாம் தயாரித்து வைத்திருக்கிற வார்த்தைகள் இவை. கூட்டம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவருக்கு இருபது வருஷம் மிருதங்கம் வாசித்தவர் பக்கத்தில் வந்து, "நல்லாப் பேசினீங்க சார். ஆனா யாரைப் பத்திப் பேசினீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். பதில் சொல்வதற்கு என் நண்பரைவிடப் பெரிய ஒருவரிடம் முதலில் போக வேண்டியிருக்கிறது.

நண்பர் வீட்டுக் கூடத்தில் சுவாமி படங்களோடு ஒரு மனிதனின் படமும் உண்டு. வீணை எஸ். பாலசந்தர். சங்கீதத்திலும் சண்டையிலும் நண்பருக்கு அவரே ஆதர்சம். பாலசந்தர் 1990 ஏப்ரல் 13ஆம் தேதி பிலாயில் இறந்தார். வயது அறுபத்து மூன்று. அதற்குப் பின் பிறந்தவன் நான். ஆகவே எனக்கு அவர் இசைத்தட்டும் காகிதமும்தான். இது ஒருவகையில் சௌகரியம். அவரால் ஒருபோதும் திட்டப்படாதவன் அவரைக் கேட்பது சுலபம்.

1927 ஜனவரி 18இல் சென்னையில் பிறந்தார். 1934இல் பிரபாத் கம்பெனியின் 'சீதா கல்யாணம்' படத்தில் குடும்பமே நடித்தது. அண்ணன் ராஜம் ராமன்; சகோதரி ஜெயலட்சுமி சீதை; சின்னப் பையன் பாலசந்தர் ராவணன் சபையில் கஞ்சிரா வாசிப்பவன். பாபநாசம் சிவன் சினிமாவுக்கு வந்த படமும் அதுதான். கஞ்சிரா, தபலா, சிதார், ஹார்மோனியம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்துப் பழகிய பையன் கடைசியில் வீணையில் வந்து நின்றான். யாரிடமும் உட்கார்ந்து பாடம் கேட்கவில்லை. நம் சங்கீத உலகில் குரு இல்லாதவன் அதை ஒரு குறையாக ஒப்புக்கொண்டு கூச்சப்பட வேண்டும் என்பது எழுதப்படாத விதி. பாலசந்தர் அதை ஒரு பட்டம் போல் மார்பில் குத்திக்கொண்டு திரிந்தார். பின்னால் வந்த எல்லாச் சண்டைகளின் விதையும் இதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பாரம்பரியத்தைப் பிறவிச் சொத்தாகப் பெற்றவன் அதைப் பற்றி அலட்சியமாக இருக்கலாம். தானே சம்பாதித்தவன் ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்பான்.

சினிமாவிலும் அவர் கேட்டது கணக்குத்தான். பாட்டு இல்லாமல் தமிழ்ப் படம் எடுக்க முடியாது என்று எல்லோரும் நம்பியிருந்த காலத்தில், 1954இல், ஏவி.எம்முக்காக 'அந்த நாள்' எடுத்தார். பாட்டு இல்லை, நடனம் இல்லை. 1943இல் சென்னை மீது ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயத்தில், ரேடியோ எஞ்சினீயர் ஒருவன் சுடப்பட்டுக் கிடக்கிறான். அவனைச் சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவரும் தம் கோணத்தில் கதை சொல்கிறார்கள். கதாநாயகனாக வரும் சிவாஜி கணேசன் தேசத்துரோகி. சங்கீதத்தில் ஊறிய ஒருவன்தான் சினிமாவிலிருந்து பாட்டை எடுத்துவிடத் துணிந்தான் என்பதை யோசிக்க வேண்டும். எது எங்கே இருக்கக் கூடாது என்று தெரிவதும் ரசனைதான். 1964இல் 'பொம்மை'யின் முடிவில் தானே திரையில் தோன்றி நடிகர்களையும் தொழில்நுட்பக்காரர்களையும் ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தினார். ஊரே பகை என்று பெயரெடுத்தவர் செய்த காரியம் இது. யாருக்கு எது சேர வேண்டுமோ அது சேர வேண்டும் என்ற பிடிவாதம் பெருந்தன்மையாக வெளிப்பட்ட இடம் அது. அதே பிடிவாதம் வேறு இடங்களில் வேறு முகம் காட்டியது.

அறுபதுகளுக்குப் பின் வீணையே முழுவேலை. அவர் வாசிப்பைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தையாவது சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் வம்பாகிவிடும். வீணையில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக இரண்டு வழிகள். விரலை அடுத்த மெட்டுக்கு நகர்த்தலாம். அல்லது அதே மெட்டில் இருந்துகொண்டு தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கலாம். இழுக்கும்போது இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் இடைவெளி இருக்காது. குரல் போல் வழுக்கிக்கொண்டு போகும். எல்லா வைணிகர்களும் கொஞ்சம் இழுப்பார்கள். பாலசந்தர் இழுப்பையே மொழியாக்கிக்கொண்டார். ஒரே மெட்டில் நின்று ஸ்வரம் ஸ்வரமாக ஏறி, ஒரு மீட்டின் நாதம் தேய்ந்து மறையும் முன்பே ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லி முடித்துவிடுவார். வீணை தனம்மாளின் வாசிப்பு பக்கத்தில் உட்கார்ந்தவருக்காக மட்டும் என்று சொல்வார்கள். பாலசந்தருடையது அதற்கு நேர் எதிர்க்கோடி. கூட்டத்தை அண்ணாந்து பார்க்க வைக்கிற வாசிப்பு. இது வீணையா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் ராகம் பின்னால் போய் வித்தை முன்னால் வந்து நிற்கிறது. ஆனால் நல்ல இடங்களில், ஆலாபனை மந்த்ர ஸ்தாயியில் இறங்கி அங்கேயே தங்கிவிடும்போது, கேட்கிறவன் தன் மூச்சைத் தானே கவனிக்கிறான். எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களையும் வாசித்து இசைத்தட்டாகக் கொண்டுவந்தார். அந்த உழைப்புக்குப் பின்னால் இருந்தது வெறும் சாதனை வெறி அல்ல, சாட்சியம் விட்டுப்போக வேண்டும் என்ற கவலை என்று நினைக்கிறேன்.

இனி சண்டைகள். முதலாவது பாலமுரளிகிருஷ்ணாவோடு. அவர் மஹதி, லவங்கி போன்ற நான்கு ஸ்வர ராகங்களைத் தாம் உருவாக்கியதாகச் சொன்னார். பாலசந்தர் மறுத்தார். நாலு ஸ்வரத்தை அடுக்கினால் ராகமாகிவிடுமா, ராகத்தை ஒருவன் 'உண்டாக்கினேன்' என்று உரிமை கொண்டாட முடியுமா என்பது கேள்வி. அருமையான கேள்வி. ராகம் என்பது ஸ்வர வரிசையா, அல்லது பல தலைமுறைகள் புழங்கிப் புழங்கி அதில் படிந்த சாயலா? தியாகராஜர் ஒரே ஒரு கிருதியால் உயிர் கொடுத்த ராகங்களை வைத்துப் பார்த்தால் பாலமுரளியின் கட்சிக்கும் பலம் உண்டு. ஒரு நல்ல பாட்டு போதும், ராகம் பிறந்துவிடும். தோடியையும் பைரவியையும் வைத்துப் பார்த்தால் பாலசந்தர் பக்கம் நியாயம். இந்த விவாதம் ஒழுங்காக நடந்திருந்தால் நமக்கு ஒரு சங்கீத விமர்சன மொழியே கிடைத்திருக்கும். கிடைத்தது அறிக்கைகளும் கடிதங்களும். யார் பெரியவர் என்ற கேள்வி எது ராகம் என்ற கேள்வியை விழுங்கிவிட்டது.

இரண்டாவது சண்டை எண்பதுகளில் நடந்த சுவாதித் திருநாள் விவகாரம். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1813இல் பிறந்து 1829இலிருந்து ஆண்டு 1846இல் மறைந்தவர். தஞ்சை நால்வரில் வடிவேலு அவர் அவையில் இருந்தார். மன்னர் பெயரில் இன்று பாடப்படும் பல கிருதிகளுக்கு இருபதாம் நூற்றாண்டில் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும், அவரோடு செம்மங்குடி சீனிவாசய்யரும் வர்ணமெட்டை ஒழுங்கு செய்தார்கள், பலவற்றுக்குப் புதிதாகவே அமைத்தார்கள். இதெல்லாம் ரகசியம் அல்ல. பாலசந்தர் இங்கே நிற்கவில்லை. வாக்கேயக்காரர் சுவாதித் திருநாள் என்பதே ஜோடிக்கப்பட்ட கதை என்றார். அரச குடும்பம் ஒரு பக்கம், செம்மங்குடி ஒரு பக்கம், பத்திரிகைகள் எல்லாப் பக்கமும்.

அவர் முடிவு தவறு என்றே நினைக்கிறேன். மெட்டு புதியது என்பதால் சாகித்தியம் பொய்யாகாது; மெட்டமைத்தவர் வேறு என்பதால் எழுதியவர் இல்லாமல் போகமாட்டார். ஆனால் முடிவுக்கு அடியில் ஒரு கேள்வி இருந்தது: மேடையில் ஒரு பாட்டைப் பழையது என்று சொல்லும்போது அதில் எந்தப் பகுதி பழையது? சாகித்தியமா, ராகமா, மெட்டா, சங்கதியா? நம் சங்கீதத்தின் சரித்திரம் முழுக்க இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது. எந்த மும்மூர்த்தி கிருதியிடமும் இதைக் கேட்கலாம். கேட்டால் சங்கடம். பாலசந்தர் உரக்கக் கத்தியதால் ஒரு வசதி ஏற்பட்டது. கத்தலுக்குப் பதில் சொல்லிவிட்டுக் கேள்வியை விட்டுவிடலாம். அப்படித்தான் பெரும்பாலும் நடந்தது.

அண்ணனையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். எஸ். ராஜம் பாடகர், ஓவியர். தியாகராஜர், தீட்சிதர், சாஸ்திரி மூவரையும் நாம் மனதில் நினைத்தால் வருகிற முகங்கள் பெரும்பாலும் ராஜம் வரைந்தவை. எத்தனை பூஜையறைகளில், சபாக்களில் அந்தப் படம்! போட்டோ இல்லாத காலத்து மனிதர்களுக்கு முகம் கொடுத்தது ஒரு கலைஞனின் கற்பனை. அதை நாம் சரித்திரமாகவே ஏற்றுக்கொண்டோம். ஒரே வீட்டில் அண்ணன் பக்தியால் முகம் வரைந்தார். தம்பி ஆதாரம் எங்கே என்று கேட்டார். அண்ணன் எல்லோருக்கும் வேண்டியவராக 2010 வரை வாழ்ந்தார். தம்பிக்கு 1982இல் பத்மபூஷண் கிடைத்தது. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி கிடைக்கவில்லை. ஒரு பாரம்பரியத்துக்கு இரண்டு பேரும் வேண்டும். ஆனால் ஒருவரைத்தான் அது மாலை போட்டு உட்கார வைக்கும்.

இறந்தபின் பாலசந்தருக்கு என்ன நடந்தது என்பதையும் பார்க்கிறேன். வீணைக்காரரைச் சொல்லுகிறவர்கள் சண்டையை 'சுபாவம்' என்று ஒரு வார்த்தையில் கடக்கிறார்கள். சண்டையைச் சொல்லுகிறவர்கள் வீணையைக் கேட்டதில்லை. 'அந்த நாள்' பார்க்கிற சினிமா ரசிகர்களில் பலருக்கு இருவரும் ஒருவர்தான் என்பதே தெரியாது. ஒரு மனிதனை மூன்றாக வெட்டி, வேண்டிய துண்டை எடுத்துக்கொண்டோம்.

இப்போது என் நண்பரிடம் வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு விழாவில், பழைய ஏட்டிலிருந்து கண்டெடுத்த கிருதி என்று சொல்லி ஒரு பாட்டை அரங்கேற்றினார்கள். சாகித்தியம் பழையதாக இருக்கலாம். மெட்டு அந்த வருஷம் போட்டது. நண்பருக்கு அது தெரியும், போட்டவரையே தெரியும். மறுநாள் சாயங்காலம் நான் பாங்கிலிருந்து வருவதற்குள் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "நீ எழுதுறவன். நான் எழுதினா சண்டைம்பான். நீ எழுதினா விமர்சனம்பான். எழுது" என்றார். அவர் ஏற்கெனவே விழாக்காரர்களுக்கு இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். அதில் பாதி வசவு. அதைப் படித்துவிட்டு, இந்தத் தொனியோடு என்னால் சேர முடியாது என்றேன். பேச்சு வளர்ந்தது. அதற்குப்பின் அவர் வரவில்லை, நானும் போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது வீணைக்கு உறை போட்டிருந்தார்கள்.

தொனி மோசம் என்பது உண்மை. அவருடைய நாக்கு செய்த சேதத்தையும் நான் பார்த்திருக்கிறேன். பெற்றோர் எதிரில் அவர் சொன்ன ஒரு வார்த்தைக்குப்பின் வீணையைத் தொடாத ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். நன்றாக வாசித்த பெண். அவருடைய ஞானம் அந்த வார்த்தைக்குச் சமாதானம் ஆகாது. 'குழந்தை மனம்' என்று நான் மேடையில் சொன்னது அந்தப் பெண்ணுக்கு நான் செய்த இரண்டாவது அநியாயம்.

ஆனால் தொனியைக் காரணம் காட்டி நான் ஒதுங்கியதற்குத் தொனி காரணமல்ல. விழாக்காரர்கள் எனக்கு வேண்டியவர்கள். முன் வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. அவர் மரியாதையாகக் கேட்டிருந்தாலும் வேறொரு காரணம் கண்டுபிடித்திருப்பேன். பாலசந்தர் காலத்துப் பெரியவர்கள் கேள்வியை விட்டுவிட்டுக் கத்தலுக்குப் பதில் சொன்னார்கள் என்று மேலே சாமர்த்தியமாக எழுதினேன். அதையே என் திண்ணையில் நானும் செய்தேன். சண்டைக்காரனோடு இருப்பதில் உள்ள கஷ்டம் அவன் தப்பாகப் பேசுவது அல்ல. சரியாகப் பேசும்போதும் நாம் தப்பித்துக்கொள்ள அவனே ஒரு வழியைத் திறந்துவைத்து விடுகிறான் என்பதுதான்.

மிருதங்கக்காரருக்கு: நான் அன்று யாரைப் பற்றியும் பேசவில்லை. நம் நண்பர் பெரிய வைணிகர். பலரைப் புண்படுத்தினார், சிலரை நியாயமே இல்லாமல். அந்த விழாவில் பாடிய கிருதியின் மெட்டு பழையதல்ல. அவர் சொன்னது உண்மை, எனக்கும் அன்றே தெரியும்.