பெயர் மாறிய பகை

‘ஆன்டிசெமிட்டிசம்’ என்னும் சொல்லைத் தமிழில் பெயர்க்கப் புகும்போது நம் எழுதுகோல் சற்றே தயங்குகிறது. பிரித்துப் பொருள் கொண்டால் அது ‘செமித்திய எதிர்ப்பு’ ஆகும். ஆயின் அவ்வாறு எழுதினால் பொருள் பிறழ்ந்துவிடும். காரணம் அச்சொல்லின் வரலாற்றில் உள்ளது.

விவிலியம் கூறும் நோவாவின் மைந்தருள் ஒருவன் சேம். 1781-இல் ஜெர்மானிய அறிஞர் ஷ்லோட்சர் அவன் பெயரிலிருந்து ‘செமித்திய’ என்னும் சொல்லை ஆக்கினார். எபிரேயம், அரபு முதலிய உறவு மொழிகளுக்கு அது பொதுப் பெயராயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ, மொழிக் குடும்பத்தின் பெயரையே மனித இனத்தின் பெயராகச் சிலர் கொள்ளலாயினர்.

யூதரை வெறுப்பதைக் குறிக்க ஜெர்மன் மொழியில் ‘யூடன்ஹாஸ்’, அதாவது யூத வெறுப்பு, என்னும் நேரான சொல் முன்னரே இருந்தது. 1879-இல் வில்ஹெல்ம் மார் என்னும் பத்திரிகையாளர் பெர்லினில் ‘செமித்திய எதிர்ப்பாளர் சங்கம்’ நிறுவினார். புதிய சொல் பரவிற்று. வெறுப்பு என்றால் நாணத்தக்கது. எதிர்ப்பு என்றால் கொள்கை போல் ஒலிக்கும். சமயத்தைப் பழித்த பழைய பகை, மதம் மாறியவனை ஏற்பதாகவேனும் கூறிற்று. குருதியைப் பழித்த புதிய பகையிலோ தப்ப வழியே இல்லை. 1935-இல் நாஜி அரசு இதனைச் சட்டமாக்கிற்று. விந்தை யாதெனின், குருதியை அளக்க அவர்களுக்கும் கருவி கிடைக்கவில்லை. பாட்டன் பாட்டியரின் சமயத்தைக் கொண்டே யூதர் யார் என்று வகுத்தனர். 1945-க்குள் ஏறத்தாழ 60 லட்சம் யூதர் கொல்லப்பட்டனர்.

“அரபியரும் செமித்திய மொழியினரன்றோ? அவர்கள் எங்ஙனம் செமித்திய எதிர்ப்பாளராதல் கூடும்?” என வினவுவோர் உளர். இது சொல்லின் உறுப்பைக் கண்டு வழக்கை மறந்த வினா. மாரின் காலந்தொட்டே அச்சொல்லின் இலக்கு யூதர் மட்டுமே. இக்குழப்பம் நீங்கவே, ‘செமித்தியம்’ தனித்து நில்லாதபடி இடைக்கோட்டை நீக்கி ஒரே சொல்லாக எழுதும் வழக்கம் பரவிவருகிறது. 2021-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனமும் அதனை மேற்கொண்டது.

பிற அரசுகளைக் கண்டிப்பது போல் இஸ்ரேல் அரசைக் கண்டிப்பது இதன்பாற்படாது. அதனைச் சாக்கிட்டு யூதராய்ப் பிறந்தோர் யாவரையும் பழிப்பது இதன்பாற்படும்.

ஆதலின் நாம் ‘யூத வெறுப்பு’ என்றே எழுதுகிறோம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், மார் அதற்கு அணிவித்த கொள்கை வேடத்தைத் தமிழிலும் அணிவித்தவராவோம்.